ஏழு லிட்டர் பிலவேந்திரன்

எந்தப் பெட்டியில் எண்ணெய் மாற்றினாலும் முதலில் மேல் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதாவது புது எண்ணெய் ஊற்றுகிற ஓட்டை. அது கழன்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அடி போல்ட்டில் கை வைக்க வேண்டும். அவசரக்காரன் அடி போல்ட்டை முதலில் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் வடித்துவிடுவான். அப்புறம் மேல் போல்ட்டு துருப்பிடித்து அசையாது. வடித்ததைத் திரும்ப ஏற்றவும் முடியாமல், புதுசை ஊற்றவும் முடியாமல் உட்கார்ந்திருப்பான். நான் அவசரக்காரன் இல்லை. அதனால்தான் ஆற்றோடு போன ஒரு மனிதர் விட்ட மூச்சை, பதினோரு மாதம் கழித்து என் மூஞ்சியில் வாங்கிக்கொண்டேன்.

எழுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி. பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் போகிற ரோட்டில் எனக்குப் பட்டறை. பட்டறை என்றால் ஒரு பூவரச மரம், நாலு கீற்று, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம். பெயர் தனிஸ்லாஸ். மேஸ்திரி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன்.

பட்டறையில் அப்போது நின்றிருந்தது ராணுவம் என்று ஊர் கூப்பிட்ட வண்டி. யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் போட்ட டிரக் அது. எங்கள் முதலாளி ஒருத்தர் எடுத்து ஆற்று வேலைக்கு விட்டிருந்தார். மற்ற லாரிக்கெல்லாம் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இதற்கு நாலும் இழுக்கும். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு குட்டிப் பெட்டி இருக்கும். அதற்கு ஒரு குட்டை லிவர். அதைத் தள்ளினால் முன்சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். மணலிலும் சேற்றிலும் ராணுவம் போகாத இடம் கிடையாது. தென்பெண்ணையில் இறங்கி அக்கரைச் சவுக்குக் கட்டையை ஏற்றிக்கொண்டு, முட்டளவுத் தண்ணீரில் ஆடி ஆடி வரும்.

அதை ஓட்டியவர் பிலவேந்திரன் அண்ணன். ஆள் தொண்ணூறு கிலோ. வெற்றிலையில் எப்போதும் கிராம்பு வைத்துத்தான் போடுவார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று இரண்டு தரம் கனைப்பார். மதியம் ஒரு கிளாஸ் சாராயம், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு. கையெல்லாம் கிரீஸாக இருக்கும் என்பதால் கதவைத் தோளால் தள்ளித் திறப்பார். இதையெல்லாம் வரிசையாகச் சொல்வது அவரைப் புகழ்வதற்கு அல்ல. பின்னால் தேவைப்படும்.

அதற்கு முந்தின வருஷம், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், அவர் வண்டியோடு நடு ஆற்றில் இருக்கும்போது வெள்ளம் வந்துவிட்டது. மறுநாள் வண்டியைப் பார்த்தோம். பாதி மணலுக்குள் இருந்தது. டிரைவர் சீட்டு காலி. குட்டை லிவர் முழுக்க விழாமல் பாதியில் நின்றிருந்தது. கடல் முகத்துவாரம் வரைக்கும் தேடினோம். செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு டிராக்டர் கட்டி வண்டியை இழுத்து வந்து என் பட்டறையில் விட்டார்கள். யாரும் ஏறி உட்காரத் துணியாமல் பதினோரு மாதம் அது அங்கேயே நின்றது. கடைசியில் முதலாளி, "எண்ணெ மாத்தி வை தனிஸ்லாசு, நெட்டப்பாக்கத்துல ஒருத்தன் கேக்கறான்" என்றார்.

அச்சுப் பெட்டி மூச்சு விடும். இது கதை இல்லை, எந்த மெக்கானிக்கையும் கேளுங்கள். ஓடிச் சூடானால் உள்ளே இருக்கும் காற்று பெருத்து வெளியே போகும். அந்தச் சூட்டோடு ஆற்றில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து, வெளியே இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரோ, சேறோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அது. அதனால்தான் ஆற்றில் முங்கிய வண்டிக்கு முன் அச்சு, பின் அச்சு, குட்டிப் பெட்டி மூன்றிலும் எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும் என்பது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். இன்ஜின் ஓடாததால் எண்ணெயை இளக்க, பெட்டிக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் போட்டு அனல் காட்டிக்கொண்டிருந்தேன். மதலேனாள் அண்ணி வந்தாள். பிலவேந்திரன் அண்ணனின் சம்சாரம். கையில் ஒரு கட்டு மெழுகுவத்தி, காகிதம் பிரிக்காமல். கல்லறையில் குழி வெட்டுகிற கோயில்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"கோயில்பிள்ளை இன்னா சொன்னாரு அண்ணி?"

"ஆள் வந்தாதான் குழின்றாரு."

"சாமியார கேட்டீங்களா?"

"சாமியாரு கோயில்பிள்ளைய கேளுன்றாரு. கோயில்பிள்ளை சாமியார கேளுன்றாரு. நடுவுல நான் மெழுகுவத்திய வச்சிகினு நிக்கறேன்."

எங்கள் கோயில் பங்கில் ஒரு நம்பிக்கை. செத்தவருக்கு வருகிற முதல் கல்லறைத் திருநாளில் அவர் குழி மேல் வெளிச்சம் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் அந்த ஆத்துமா எங்கே போவதென்று தெரியாமல் அடுத்த வருஷம் வரைக்கும் வெளியே நிற்கும். இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் இதை மீறினவர்களும் கிடையாது. திருநாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"எனக்கு ஆறடி வேணாம் தம்பி. ஒரு மெழுகுவத்தி சாயாம நிக்கிற எடம் போதும். அவரு பேர்ல" என்றாள்.

நான் பள்ளத்துக்குள் இறங்கினேன். குட்டிப் பெட்டியின் மேல் போல்ட்டை ஸ்பேனர் போட்டு நெம்பினேன். இளகியது. கையால் திருகிக் கழற்றினேன்.

சூடான பெட்டியைத் திறந்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், ஒரு நொடியில் முடியும். இது முடியவில்லை. நெடுந்தூரம் நடந்து வந்தவர் உட்கார்ந்ததும் விடுகிற மூச்சு மாதிரி மெதுவாக, நீளமாக வந்துகொண்டே இருந்தது. கிராம்பு வாசனை. அப்புறம் நின்றது. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். நின்ற மூச்சு உள்ளே இழுத்தது. என் மீசை மயிர் அந்த ஓட்டைப் பக்கம் சாய்ந்தது.

மேலேயிருந்து அண்ணி கேட்டாள். "இன்னா வாசனை தம்பி?"

"எண்ணெ கெட்டுப்போச்சு அண்ணி."

"கெட்ட எண்ணெயில கிராம்பு வாசனை வருமா?"

நான் அடி போல்ட்டைத் திறந்தேன். உள்ளே களக் களக் என்று இரண்டு தரம் சத்தம். ஒருத்தர் வாசலில் நின்று கனைக்கிற மாதிரி. அப்புறம்தான் எண்ணெய் இறங்கியது. தண்ணீர் கலந்தால் கியர் எண்ணெய் பால் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். இதுவும் அப்படித்தான். கூடவே மணல் வந்தது. உயிரோடு ஒரு கெண்டை மீனும் வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் அதைச் சொல்லப்போவதில்லை. முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் வடித்து ஒரே தகரத்தில் சேர்த்தேன். மூன்று பெட்டிக்கும் நான் ஊற்றியிருந்தது ஐந்தரை லிட்டர். திரும்பி வந்தது ஏழு.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். தப்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது. பட்டறையில் எண்ணெய் வடித்தால் பழசை ஊருக்குக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டை வண்டி அச்சுக்குத் தடவுவார்கள். கரையான் ஏறாமல் கதவு நிலைக்குப் பூசுவார்கள். பன்றிக்குச் சொறி வந்தால் அதற்கும் அதுதான். போல்ட்டு கழலும் சத்தம் கேட்டாலே பாட்டிலோடு வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள். அன்றைக்கும் வந்தார்கள். மாரிமுத்து தன் மாட்டு வண்டிக்கு இரண்டு லிட்டர் வாங்கினான். தையலம்மாள் தெருக்கதவுக்கு ஒன்றரை. காசம்மாள் பன்றிக்கு ஒரு லிட்டர். மதலேனாள் அண்ணி எல்லாரும் போகும்வரை நின்றுவிட்டு, "அவரு வண்டி எண்ணெ. என் கதவுக்கும் குடு" என்று மிச்சமிருந்த இரண்டரை லிட்டரை வாங்கிப் போனாள்.

தகரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை நான் இரண்டு விரலால் வழித்து என் முழங்கால் இரண்டிலும் தேய்த்துக்கொண்டேன். மூட்டு வலிக்கு நல்லது.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் உச்சி வெயிலில் மாரிமுத்து பட்டறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"இன்னா எண்ணெ மேஸ்திரி குடுத்த?"

"ஏன், அச்சு கத்துதா?"

"கத்துனா பரவால்லியே. சத்தமே இல்ல. வண்டி சாராயக்கடை வாசல்ல போயி நிக்குது."

"மாட்ட அதட்டி ஓட்டு."

"மாடு ரெண்டும் வூட்ல வைக்கோல் தின்னுகினு இருக்குது."

போய்ப் பார்த்தேன். மாடு அவிழ்த்த வண்டியின் நுகத்தடி தரையில் குத்தி நிற்பதுதான் உலக வழக்கம். இந்த வண்டியின் நுகத்தடி மாட்டுக் கழுத்து உயரத்தில், வெறும் காற்றில் நின்றது. தெருவில் ஒரு குருவிச் சத்தம் கிடையாது. கடைக்காரன் வண்டிப் பலகையின் மேல் ஒரு கிளாஸ் வைத்திருந்தான்.

"யாருக்குடா ஊத்தன?"

"தெரியல மேஸ்திரி. கை தானா ஊத்திச்சு. ஒரு கிளாஸ்" என்றான்.

கிளாஸ் காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சக்கரம் அசைந்தது. ஒரு கிரீச் இல்லை, ஒரு முனகல் இல்லை. வண்டி நிதானமாகத் திரும்பி, வந்த வழியே மாரிமுத்து வீட்டைப் பார்த்துப் போனது. வழியில் வீட்டு வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஏன் எழுந்தோம் என்று பிறகு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆண்கள் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே தையலம்மாள் வந்தாள். "மேஸ்திரி, என் கதவு கனைக்குது."

"கதவுக்குப் பின்னால எவனாவது நின்னிருப்பான். திருடனா பாரு."

"திருடன் கனைச்சிகினா வருவான்?"

ஒவ்வொரு தரம் யாராவது வாசலுக்கு வரும்போதும், கை வைப்பதற்கு முன்னால் கதவு இரண்டு தரம் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறதாம். அவள் வீட்டுக்காரன் பயந்து பின்பக்க வேலியைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய் வருகிறானாம். காசம்மாளின் பன்றியோ சொறி ஆறிப் பளபளவென்று ஆகி, விடிந்ததும் என் பட்டறைக்கு வந்து, ராணுவத்தின் டிரைவர் கதவுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டது. துரத்தினேன். என்னை ஒரு பார்வை பார்த்தது. அதற்குப் பிறகு நான் அதைத் துரத்தவில்லை.

அன்று சாயங்காலம் எனக்கும் ஒன்று நடந்தது. பட்டறையிலிருந்து என் வீடு வடக்கே. நாலு மணி முப்பத்தைந்து நிமிஷத்துக்கு நான் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு வடக்கே திரும்பினேன். முழங்கால் தெற்கே திரும்பியது. இடுப்புக்கு மேலே ஒரு பக்கமும் இடுப்புக்குக் கீழே ஒரு பக்கமுமாக ஒரு மனிதன் ரொம்ப நேரம் நிற்க முடியாது. கால் சொன்னபடி போனேன். போய் நின்ற இடம் மதலேனாள் அண்ணி வீட்டு வாசல். சரியாக ஐந்து மணி.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தாழ் தானாகக் கழன்று விழுகிற சத்தம் கேட்டது. காற்று இல்லை, வாசல் வேம்பில் ஓர் இலை அசையவில்லை. கதவு தோள் கொடுத்துத் தள்ளின மாதிரி, மேல் பாதி முதலில் அசைந்து, மெதுவாகத் திறந்தது. உள்ளே அண்ணி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு மணை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் காப்பி. என்னைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் இல்லை.

"நீ ஏன் தம்பி வந்த?"

"இந்தப் பக்கமா ஒரு வேலை."

"நாலு நாளா வராரு" என்றாள். "அஞ்சு மணிக்குத் தெறக்குது. உள்ள வரமாட்டேன்றாரு. வாசப்படியிலயே நின்னுட்டு, வெளக்கு வைக்கறப்ப கதவு தானா சாத்திக்கும். காப்பி ஆறிப்போவுது."

நான் ஊரில் நடப்பதைச் சொன்னேன். வண்டி, கதவு, பன்றி. என் முழங்காலைச் சொல்லவில்லை. ஒரு விதவை வீட்டுக்கு ஒருத்தனை அவன் முழங்கால் கூட்டிக்கொண்டு வந்தது என்று சொன்னால் ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

அவள் அந்தத் தட்டை முந்தானையால் துடைத்து மறுபடி மணைக்கு முன்னால் வைத்தாள்.

"வண்டி மூச்ச இழுத்துக்கும்னு நீதான சொல்லுவ?"

"ஆமா அண்ணி."

"கடைசியா அவரு பக்கத்துல இருந்தது அந்த வண்டிதான். அது அவர இழுத்து வச்சிருக்குது. நீ தெறந்து வுட்ட. வுட்டதோட இல்லாம ஊருக்குப் பங்கு போட்டுக் குடுத்துட்ட." குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு மனுஷன் எத்தினி எடத்துலதான் நிப்பாரு? சாராயக்கடையில கொஞ்சம், தையலம்மா வூட்ல கொஞ்சம். அதான் என் வூட்டுக்கு வந்தும் உள்ள வர முடியல. சேத்துக் குடு தம்பி. திருநாளுக்குள்ள சேத்துக் குடு. ஆள் வந்துட்டாருன்னு நான் கோயில்பிள்ளைகிட்ட சொல்லிக்கறேன்."

கொடுத்த எண்ணெயைத் திரும்பக் கேட்டு வீடு வீடாகப் போனவன் தென்பெண்ணைக்கு வடக்கே நான் ஒருத்தன்தான். மண்ணெண்ணெயில் துணி நனைத்து மாரிமுத்து வண்டியின் அச்சைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நுகத்தடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசித் துணிக்குத் தரையைத் தொட்டது. மாரிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். தையலம்மாள் கதவைச் சுரண்டும்போது அது ஒரு தரம் கனைத்தது. இரண்டாவது கனைப்புப் பாதியிலேயே நின்றுபோனது. பன்றியைக் குளிப்பாட்ட மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அந்தத் தண்ணீரையும் பிடித்துவைத்தேன். சுரண்டல், துணி, தண்ணீர் எல்லாம் அதே தகரத்தில் போட்டு மூடினேன். அண்ணியிடம் போனேன்.

"உங்க கதவு?"

"அது இருக்கட்டும்" என்றாள். "இருக்கறது போதும். நீ போயி கோயில்பிள்ளைய கூப்புடு."

கோயில்பிள்ளை மரியசுந்தரம் மணியடிப்பார், குழி வெட்டுவார், கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம்தான் இருக்கும். நாற்பது வருஷமாகப் பிணம் இறக்கிப் பழகியவர். அவரை ஏமாற்ற முடியாது என்று அவருக்கே ஒரு நம்பிக்கை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தகரத்தை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.

"சாமியாரு வில்லியனூர் போயிருக்காரு. திருநாளைக்குத்தான் வருவாரு. அதனால நானே சொல்றேன். நான் பேப்பர் பாக்க மாட்டேன், மூஞ்சி பாக்க மாட்டேன். தூக்கிப் பாப்பேன். ஆள் கனம் இருந்தா குழி. இல்லன்னா தகரத்த எடுத்துகினு நட."

தூக்கினார். ஒரு கையால் தூக்கி, இரண்டு தரம் குலுக்கிக் கீழே வைத்தார்.

"எண்ணெ" என்றார்.

"பிலவேந்திரன் அண்ணன்" என்றேன்.

"பிலவேந்திரன் சாகறப்ப தொண்ணூறு கிலோ. இது நாலு கிலோ பன்னி குளிச்ச தண்ணி."

அண்ணி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். மெழுகுவத்திக் கட்டு இடுப்பில் செருகியிருந்தது. நேராக வீட்டுக்குப் போனாள். அன்று ஐந்து மணிக்கு என் முழங்கால் வழக்கம்போல என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. கதவு திறந்தது. அவள் எழுந்து வந்து, திறந்த கதவின் பக்கத்தில் நின்று, அதன் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கதவு ரொம்ப லேசாக, அவள் பக்கம் சாய்ந்தது. நான் திரும்பிக்கொண்டேன். வேலி ஓரமாக நின்று விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கோழிகளை எண்ணினேன். ஆறு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாரிமுத்துவின் வண்டி, இந்தத் தடவை மாடு பூட்டி, தச்சன் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. அதன் மேல் ஒரு சவப்பெட்டி. பலகையெல்லாம் பழசு. ஒரு பலகையில் தாழ் போட்ட ஓட்டை அப்படியே இருந்தது. அண்ணி வீட்டு வாசலில் கதவுக்குப் பதில் ஒரு சாக்கு தொங்கிக்கொண்டிருந்ததை வரும்போதே பார்த்தேன்.

தகரத்தை அதற்குள் வைத்தேன். மூடியைப் பொருத்தியதும் உள்ளே ஏதோ சேர்ந்து படிகிற சத்தம். களிமண் தண்ணீரில் உட்காருகிற மாதிரி. அப்புறம் வெளியே யாரும் தொடாமலே வண்டியின் அச்சு ஒரு முனகு முனகியது. மாடு இரண்டும் ஓர் அடி பின்னால் நகர்ந்தன.

"தூக்குங்க" என்றாள் அண்ணி.

மரியசுந்தரம் ஒரு கையை வைத்தார். அசையவில்லை. இரண்டு கையை வைத்தார். அப்புறம் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வந்தார். தலைமாட்டில் அவர், மாரிமுத்து. கால்மாட்டில் நான், தையலம்மாள் வீட்டுக்காரன். நாலு பேர் தோளில் ஏற்றுவதற்குள் எனக்குக் கண் இருட்டியது. குழி வரைக்கும் முப்பது அடி. அதற்குள் மூன்று தரம் தோள் மாற்றினோம்.

குழிக்குப் பக்கத்தில் இறக்கினதும் மரியசுந்தரம் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். "அவருதான். ஆனா ரெண்டு கிலோ கொறையுது."

"ஆத்துல கரைஞ்சிருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்று அவர் என் முழங்காலைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேட்டியை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொண்டேன்.

துக்க மணி அடித்தது. மண் தள்ளினோம். எண்ணெய் வாசனை வரவில்லை. கடைசிக் கூடை மண் விழும்வரை கிராம்பு வாசனைதான்.

மறுநாள் கல்லறைத் திருநாள். சாயங்காலம் எல்லாக் குழி மேலும் வெள்ளை அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். புது மண்ணைப் பார்த்தார். மரியசுந்தரத்தைப் பார்த்தார். மரியசுந்தரம் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தத்தைத் தெளித்துவிட்டுச் சாமியார் அடுத்த குழிக்குப் போனார்.

அண்ணி மெழுகுவத்திக் கட்டைப் பிரித்தாள். ஆறு இருந்தது. ஆறையும் மண்ணில் ஊன்றி ஏற்றினாள். ஐப்பசிக் காற்று, பக்கத்துக் குழிகளில் எல்லாம் அணைய அணைய ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவை ஆறும் நெட்டுக்குத்தாக எரிந்தன. சுடர் அசையவே இல்லை, எழுதி வைத்த மாதிரி.

மணி ஐந்து இருக்கும். நான் ஓரமாக நின்றிருந்தேன். நான் கோயிலுக்குப் போவேனே தவிர முட்டி போட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மூட்டு மடங்காது, சாமியாருக்கே தெரியும். அன்றைக்கு என் இரண்டு முழங்காலும் என்னைக் கேட்காமல் நாலடி நடந்து, அந்தப் புது மண்ணின் முன்னால் மடங்கின. வலி இல்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. யாரோ இரண்டு கையால் என் முழங்காலைப் பிடித்து அழுத்தி வைத்திருப்பதுபோல இருந்தது. அழுத்தம் கோபமாக இல்லை. பட்டறையில் வேலை முடியும்வரை நான் ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேனே, அப்படி.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னா தம்பி, முட்டி வலியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"ஆத்துக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பட்டறைக்கு வந்தாரு. குட்டை லிவரு விழ மாட்டேன்னுதுடா, எண்ணெ தடிச்சிப்போச்சு, மாத்துன்னாரு. தீவாளி போவட்டும்ணேன்னு சொன்னேன் அண்ணி. கையில வேலைகூட இல்ல. படுத்துகினு இருந்தேன்."

அவள் ஒரு மெழுகுவத்தியில் வழிந்த மெழுகை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொன்னாரு. அந்தச் சோம்பேறி தீவாளிக்கு அப்புறம்றான்னு சொல்லிச் சிரிச்சிகினே சோறு துன்னாரு."

பதினோரு மாதமாக என் பட்டறைக்கு வந்தபோதெல்லாம் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கையை எடுத்து என் முழங்கால் ஒன்றின்மேல் வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். கிராம்பு வாசனை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"எவ்ளோ தடவன?"

"ரெண்டு வெரல் அளவு."

"சரி" என்றாள். "அது ஒங்கிட்டயே இருக்கட்டும்."

அழுத்தம் விட்டது. எழுந்து நின்றேன்.

ராணுவத்துக்குப் புது எண்ணெய் ஊற்றி நெட்டப்பாக்கம் அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு எண்ணெய் மாற்று என்று யார் வந்து கேட்டாலும் அன்றைக்கே மாற்றிவிடுவேன். பழசை யாருக்கும் கொடுப்பதில்லை. மதலேனாள் அண்ணி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. பிலவேந்திரன் அண்ணனுக்குப் பக்கத்துக் குழி. டாக்டர் என் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு நடக்கவே முடியாது, எப்படி நடக்கிறீர்கள் என்றார். நடப்பது நான் இல்லை என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம், வீட்டில் யார் தடுத்தாலும், நாலு முப்பத்தைந்துக்கு முழங்கால் இரண்டும் எழுந்துவிடும். மெழுகுவத்தியை நான் முன்கூட்டியே வாங்கி ஜேபியில் வைத்துக்கொள்கிறேன். இரண்டு குழிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. கிளம்பின பிறகு வழியில் எந்தக் கடையிலும் அண்ணன் நிற்க விடமாட்டார்.